தட்டாமல் தலையாட்டிய நாள்

நேற்று உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். உன் பீரோவைக் காலி செய்தபோது துணிக்கடியில் கிடந்ததாம், நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை. அட்டையில் உன் கோணல் எழுத்தில் என் பெயர், அதற்குக் கீழே "காது நோட்டு". அதை நீ எப்போதோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பாய் என்று நினைத்திருந்தேன். அவள் டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள். நான் வாசலில் நின்றபடியே படிக்க ஆரம்பித்து, கடைசியாக நீ எழுதிய பக்கத்துக்கு வந்ததும் மூடிவிட்டேன். அதற்குப் பிறகு ஐந்தாறு தடவை திறந்திருப்பேன். சோறு வடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, வடித்த பிறகு ஒரு தடவை. உட்கார முடியவில்லை, எழுந்தாலும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ பதில் சொல்லமாட்டாய். சொல்லாவிட்டால் போ, நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

என்னைவிட எட்டு வயது மூத்தவள் நீ. ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டால் உனக்குப் பிடிக்காது. "ஏம்மே, நான் இன்னா கெழவியா?" என்பாய். அதனால் கடைசிவரைக்கும் நீ, வா, போ என்றே பேசினேன். ஒரே ஒரு தடவை தவிர.

எனக்கு மூளைக் காய்ச்சலில் காது போனபோது இருபத்து நான்கு வயது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க வாயை மட்டும் அசைக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அண்ணன் நெல் விளைகிற நிலத்தில் ஒரு துண்டை விற்று மெட்ராஸில் ஆபரேஷன் செய்தான். காதுக்கு உள்ளே ஒரு கம்பி. வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மிஷின், அதிலிருந்து ஒயர் போய், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்ட வில்லை. மிஷினைப் போட்ட அன்றே எல்லாம் பழையபடி கேட்டுவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். எனக்குக் கேட்டதோ தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம்தான். அம்மா பேசுகிறாளா, மிக்ஸி ஓடுகிறதா என்றே தெரியாது. "கேக்குதாம்மா?" என்று அண்ணன் குனிந்து கேட்பான். அந்த ஒரு கேள்விக்கு உதட்டைப் பார்த்தாலே போதும். விற்ற நிலம் கண்ணுக்குள் வந்து நிற்கும். தலையாட்டுவேன். தலையாட்டும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகடு வெட்டுகிற கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்தான் நீ எனக்குக் கிடைத்தாய். பீஸ்களை அடுக்க இரும்பு ரேக் பக்கம் குனிந்தேன். வில்லை தலையை விட்டுப் போய் ரேக்கில் ஒட்டிக்கொண்டது, இழுத்த இழுப்பில் மிஷினும் காதைவிட்டுக் கழன்றுபோனது. நான் பதறிப்போய்த் தரையில் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நீ. வாயை நன்றாகத் திறந்து, எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னாய்.

"உன் காது அங்க தொங்கிக்கினு கீது பாரு."

காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரும்பு வேலை செய்கிற இடத்தில் தலையில் காந்தத்தோடு வந்து நிற்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்தாய். அப்புறம் தினமும் மதியம் அந்த வில்லையில் ஒட்டின இரும்புத் தூளை உன் முந்தானையால்தான் துடைத்துக் கொடுப்பாய்.

என் தலையாட்டலை நீ ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாய். கேண்டீனில் ஏதோ சொன்னாய், நான் ஆமாம் என்று ஆட்டினேன். நீ சாப்பாட்டை நிறுத்தினாய்.

"இன்னா சொன்னேன், சொல்லு பாப்போம்."

நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தேன்.

"உன் தலையில பேன் மேயுதுன்னு சொன்னேன். அதுக்கும் ஆமான்னு ஆட்ற."

பிறகு என் கையைப் பிடித்து, என் விரலாலேயே உன் மணிக்கட்டில் இரண்டு தடவை தட்ட வைத்தாய். "கேக்கலன்னா இப்டித் தட்டு. நூறு தபா தட்டு, நூறு தபா சொல்றேன். தலைய ஆட்னா உங்கூட பேசவே மாட்டேன்." அதுதான் நமக்குள் இருந்த சட்டம். அந்தச் சட்டத்தை நான் எத்தனை தடவை மீறினேன் என்று உனக்குத் தெரியும். ஒரு தடவை மீறியது மட்டும் இன்னும் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

நோட்டு வந்த கதை உனக்கு நினைவிருக்கும். மெட்ராஸில் மிஷினுக்குச் சத்தம் வைத்துக் கொடுக்கிற மேடம், நாலு கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். எந்த இடம், சுற்றிலும் என்ன சத்தம், யார் பேசினார்கள், எவ்வளவு கேட்டது. இரண்டு வாரம் எழுதிக் கொண்டுவந்தால் அதைப் பார்த்துத்தான் மிஷினை மாற்றி வைப்பாராம். நான் என்ன செய்தேன்? வீடு, கேட்டது. ரயில், கேட்டது. கேண்டீன், கேட்டது. பரீட்சையில் பாஸ் மார்க் வாங்குகிறவள்போல எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். நீ அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய். மறுநாள் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் இந்த நோட்டை வாங்கி நீயாக எழுத ஆரம்பித்தாய். எட்டாவது வரைக்கும் படித்த எழுத்து.

"கேண்டீன். எவர்சில்வர் தட்டு சத்தம். ஒண்ணும் கேக்கல. பல்லக் காட்டினா."

"ரயிலு. ஜன்னல்கிட்ட பாதி. கதவுகிட்ட சுத்தமா இல்ல. தட்டினா."

"ஷேர் ஆட்டோ. டிரைவரு பாட்டு போட்டுக்கினு வந்தான். மிஷின ஆப் பண்ணிட்டா. எனக்கும் ஒரு ஸ்விட்சு இருந்தா நல்லாருக்கும்."

"மீன் மார்கெட்டு. எனக்கே ஒண்ணும் கேக்கல."

"எங்க ஊடு. பேன் ஓடறப்ப முக்கா. பேன நிறுத்தினா முழுசா."

மெட்ராஸுக்கு நீயும் கூட வந்தாய். நான் என் தாளை நீட்டினேன், நீ பையிலிருந்து இதை எடுத்து அதற்கு மேலே வைத்தாய். மேடம் நாலு பக்கம் படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு என் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. திரும்பும் வண்டியில் மிஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். எங்களைப் போன்றவர்களுக்குக் கோபித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. மீஞ்சூர் தாண்டியதும் நீ என் மடியிலிருந்து மிஷினை எடுத்து வாய்க்கருகே வைத்துக்கொண்டு என்னவோ பேசினாய். எதிர் சீட்டில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னாய் என்று மிஷினை மாட்டிக்கொண்டு கேட்டேன். "மகாராணி இருக்காங்களான்னு கேட்டேன். லைன்ல இல்லன்னுச்சி" என்றாய். புது அளவு வைத்த பிறகு கேண்டீனில் பாதியாவது கேட்க ஆரம்பித்தது. அதை நான் உன்னிடம் ஒப்புக்கொள்ளவே இல்லை.

மேடம் கேட்டது இரண்டு வாரம். நீ அதோடு நிறுத்தவில்லை என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் எழுதியிருக்கிறாய். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை பெய்தால் எனக்கு ஒன்றும் கேட்காது என்று எழுதியிருக்கிறாய். தகடு வெட்டும் பிரஸ் ஓடுகிற ஷெட்டில் நாம் இரண்டு பேரும்தான் சுகமாகப் பேசிக்கொள்கிறோம், மற்றவர்கள் கத்திக்கினு கிடக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அங்கே மிஷினைக் கழற்றிவிட்டு நான் உன் வாயைப் படிப்பேன், நீயும் சத்தம் வராமல் வாயை மட்டும் அசைக்கக் கற்றுக்கொண்டிருந்தாய். சூப்பர்வைசரைப் பற்றி நாம் பேசியதெல்லாம் அவர் பக்கத்தில் நிற்கும்போதுதான். உன் செல்போன் மணி அடிப்பதற்கு முன்னாலேயே என் மிஷினில் டரடர என்று இரைச்சல் வரும், "உனக்குப் போன் வருது" என்பேன், உடனே அது அடிக்கும். "இவகிட்ட ஜின் கீது" என்று நீ எல்லோரையும் பயமுறுத்தியதும் இதில் இருக்கிறது. உன் வீட்டுப் பக்கத்துப் பள்ளிவாசலில் சாயங்காலம் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது, அது பாங்குதான் என்று நான் முதல் தடவை கண்டுபிடித்த நாளுக்கு எதிரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறாய்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதற்கு வரப் பயந்துதான்.

ஷிப்ட் முடிந்து கவரைப்பேட்டையில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் நாலடி நடந்ததும் நீ நின்றாய். பின்னாலிருந்து நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. தூசிக்காக முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாய். அந்தச் சமயம் பார்த்து நீ ஏதோ பேசினாய். நீளமாகப் பேசினாய். உன் கண் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. என் காதுக்குள் இரும்புச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

நான் தட்டியிருக்க வேண்டும். அன்றைக்குக் காலையிலிருந்து ஐம்பது தடவையாவது தட்டியிருப்பேன். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியிருந்தேன், தலை வலித்தது, ஐம்பத்தோராவது தடவை தட்ட வெட்கமாக இருந்தது. நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டிருப்பாய், இந்த ஒன்றை விட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு "சரி, வா" என்று நடந்தாய்.

வியாழக்கிழமை நான் எப்போதும்போல ஆறு மணி வண்டியில் வேலைக்குப் போய்விட்டேன். நீ வரவில்லை. மறுநாள் கேட்டதற்குத் தலைவலி என்றாய். நானும் நம்பினேன். நீ பழையபடி கிண்டல் செய்தாய், முந்தானையால் வில்லையைத் துடைத்துக் கொடுத்தாய். பத்து மாதம் போய் நோன்புப் பெருநாளும் முடிந்த பிறகு, தாங்க முடியாமல்தான் நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய் என்று கேள்விப்பட்டேன். மார்பில் கட்டி. அதற்குள் அது அக்குள்வரை வந்துவிட்டதாக உன் வீட்டுக்காரர் சொன்னார்.

சித்திரை மாதம் உன்னைப் பார்க்க வந்தேன். நீ பாதியாகக் கரைந்து கட்டிலில் கிடந்தாய். தலைக்கு மேலே பேன் ஓடிக்கொண்டிருந்தது.

"பேன நிறுத்துடி" என்று உன் மகளிடம் சொன்னாய்.

"உம்மா, வேர்த்துக் கொட்டுது உனக்கு."

"நிறுத்துன்றேன். இவளுக்குக் கேக்கணும்."

அவள் நிறுத்திவிட்டு வெளியே போனாள். உன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. நான் துடைக்க வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அன்னிக்கு பிளாட்பாரத்துல ஒண்ணு கேட்டேன். நெஞ்சுல கட்டியாட்டம் கீது, ஊட்ல சொன்னா எல்லாரும் அழுவாங்க, வியாழக்கெழம எட்டு மணி வண்டிக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரியான்னு கேட்டேன். நீ தலையாட்டின."

"கேக்கலக்கா" என்றேன்.

"தெரியும்மே. அப்பவே தெரியும். வியாழக்கெழம ஸ்டேஷனுக்குப் போனேன். ரெண்டு வண்டிய உட்டேன். அப்புறம் ஊட்டுக்கு வந்து மீன் கொழம்பு வெச்சேன். நீ வந்திருந்தா நான் போயே ஆவணும். வரல. அப்பாடான்னு இருந்துச்சி. உன் தப்பு ஒண்ணுமில்ல, பேஜார் பண்ணிக்காத."

இவ்வளவையும் பேனை நிறுத்திவிட்டுச் சொன்னாய். எனக்கு ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. இருபது நாளில் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக நான் உன்னை நம்பவில்லை. சாகப் போகிறவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லிவிட்டுப் போனாள் என்றுதான் நினைத்தேன். நீ ஸ்டேஷனில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றதாகவும், நான் வரவில்லை என்று மனசு விட்டுப்போய்த் திரும்பியதாகவும் நானே ஒரு கதை கட்டி, அதையே தினமும் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி ஏறும்போது ஓட்டினேன், பீஸ் எண்ணும்போது ஓட்டினேன். என் தலையாட்டல்தான் உன்னைக் கொன்றது என்று ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நோட்டில் கடைசியாக நீ எழுதியது.

"பிளாட்பாரம். எக்ஸ்பிரஸ் வண்டி. ஆஸ்பத்திரிக்கு வரியான்னு கேட்டேன். தலையாட்டினா. கேக்கல. நல்லதாப் போச்சி."

அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள்தான்.

ஆக நீ பொய் சொல்லவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. எந்த இடத்தில் எனக்கு எவ்வளவு கேட்கும் என்று இரண்டு வருஷம் கணக்காக எழுதி வைத்தவள் நீ. மேடத்துக்குத் தெரியாதது, என் அம்மாவுக்குத் தெரியாதது எல்லாம் உனக்குத் தெரியும். உன் வீட்டில் பேனை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கலாம். ஷெட்டில் வாயசைத்துக் கேட்டிருக்கலாம். நிற்காத வண்டி வரும்வரைக்கும் பார்த்திருந்து, வாயையும் மூடிக்கொண்டு, எனக்கு நிச்சயமாகக் கேட்காத இடத்தில் போய் ஏன் கேட்டாய்? நீ கேட்டதாகவும் இருக்க வேண்டும், என் காதில் விழவும் கூடாது, அதுதானே? நான் தலையாட்டுவேன் என்று தெரிந்தே கேட்டிருக்கிறாய். ஒருத்திக்கு மறுபடி சொல்லப் பயம், இன்னொருத்திக்கு மறுபடி கேட்க வெட்கம். நூறு தபா சொல்றேன் என்றாயே, இரண்டாவது தடவை சொல்லியிருக்கக் கூடாதா? உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. நீ இருந்திருந்தால் மிஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பேன்.

ஆனாலும் தட்டாதது நான்தான். உன் பயத்தை இரண்டு தட்டு தட்டி நிறுத்தியிருக்கலாம். இதை எத்தனை தடவை புரட்டிப் போட்டாலும் அந்த ஒரு இடத்தில் வந்துதான் நிற்கிறது.

இன்றைக்குக் காலையில் உன் மகளை ஸ்டேஷனில் பார்த்தேன். அவள் பொன்னேரிக்குக் காலேஜ் போகிறாள், நான் கும்மிடிப்பூண்டிக்கு. நின்று பேசிக்கொண்டிருக்கும்போது கூட்ஸ் வண்டி ஒன்று வந்தது. முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் அவள் என் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். என் கழுத்து பழக்கத்தில் ஆடப் போனது. அதை நிறுத்தி, அவள் மணிக்கட்டில் இரண்டு தடவை தட்டினேன். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். உன் கண்தான் அவளுக்கு. வண்டி போய் முடியும்வரைக்கும் நான் அவள் கையை விடவில்லை.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்றாள்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லாத. சொன்னதச் சொல்லு."

"உங்க புடவை மடிப்பு பின்னால தூக்கிக்கினு கீதுன்னு சொன்னேன். அவ்ளோதான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டு, என் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து மெதுவாகச் சொன்னாள். இதை அவள் யாரிடம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் பேனாவை எடுத்தேன். உன் கடைசி வரிக்குக் கீழே, நீ விட்ட இடத்தில் எழுதியிருக்கிறேன்.

"பிளாட்பாரம். கூட்ஸ் வண்டி. உன் மவ பேசினா. தட்டினேன். மூணு தபா சொல்ல வெச்சேன். கேட்டுச்சி."